வேலி போடும் வாக்கியம்: பொறியாளரும் தொழில்முனைவோரும் அறிய வேண்டிய காப்புரிமை

1856 மார்ச் 3 அன்று கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் பொறியாளர் அரசிடம் ஒரு மனு கொடுத்தார். துரைமார் அறைகளில் கூரையிலிருந்து தொங்கும் பங்காவைக் கயிறு கட்டி இழுக்க அந்தக் காலத்தில் ஆள் வைத்திருப்பார்கள். அந்த ஆளின் வேலையைச் செய்யும் இயந்திரம் ஒன்றுக்குத் தனியுரிமை கேட்டது அந்த மனு. இந்தியாவின் முதல் காப்புரிமை விண்ணப்பம் அதுதான். பிறகு மின்விசிறி வந்தது, பங்கா போயிற்று. டிபென்னிங் தொடங்கிய காப்புரிமை நிறுவனம் மட்டும் இன்றைக்கும் சென்னையிலிருந்து இயங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த ஒற்றை மனுவிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். 2023-24 நிதியாண்டில் மட்டும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பங்கள் 92,168. தேங்கிக் கிடந்த பழைய கோப்புகளையும் சேர்த்து அந்த ஆண்டில் வழங்கப்பட்டவை 1,03,057. விண்ணப்பிக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. கல்லூரி விளம்பரங்களிலும் ஸ்டார்ட்அப் மேடைகளிலும் “எத்தனை பேட்டன்ட்?” என்பது வழக்கமான கேள்வியாகிவிட்டது. “அதை வைத்து யாரைத் தடுக்கப் போகிறீர்கள்?” என்ற கேள்வி மட்டும் அபூர்வமாகவே எழுகிறது. அறிவுசார் சொத்துரிமை என்ற பெரிய பரப்பை அந்த இரண்டாவது கேள்வியின் வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டயமா, பேரமா?

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையே நடக்கும் ஒரு பேரம். கண்டுபிடிப்பாளர் தன் ரகசியத்தை, அந்தத் துறை தெரிந்த ஒருவர் படித்துவிட்டுத் தானே செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு, எழுதி ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமையை அரசு தருகிறது. காலம் முடிந்ததும் அது ஊர்ச் சொத்து.

இதில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. காப்புரிமை தருவது தடுக்கும் உரிமை. செய்யும் உரிமையை அது தருவதில்லை. இன்னொருவர் காப்புரிமை வைத்திருக்கும் பம்ப்பில் நீங்கள் ஒரு நல்ல திருத்தம் செய்து அதற்குக் காப்புரிமை வாங்கிவிடலாம். ஆனாலும் அவருடைய சம்மதம் இல்லாமல் அந்தப் பம்ப்பை நீங்கள் விற்க முடியாது. உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தத் திருத்தத்தை அவர் சேர்க்க முடியாது. பெரிய நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று உரிமங்களை மாற்றிக்கொள்வது இதனால்தான்.

பேரத்தைப் பட்டயமாக நினைப்பதால் நம் பொறியியல் கல்லூரிகளில் ஒரு விநோதம் வளர்ந்திருக்கிறது. ஆசிரியர்களின் தகுதிப் பட்டியலில் “பேட்டன்ட் பப்ளிஷ்டு” என்று வரிசையாக இருக்கும். விண்ணப்பித்து 18 மாதம் கழிந்தால் எந்த விண்ணப்பமும் அலுவலக இதழில் தானாகவே வெளியாகும். கூடுதல் கட்டணம் கட்டினால் முன்கூட்டியே வெளியாகும். யாரும் அதைப் பரிசோதித்திருக்கத் தேவையில்லை. பரிசோதனைக்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும். 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அதற்கான கெடு 31 மாதம். கெடு தாண்டினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். மதிப்பெண்ணுக்காகப் போடப்பட்ட விண்ணப்பங்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான். அவற்றின் நிகர விளைவு, தன் யோசனையை உலகுக்கு இலவசமாகச் சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வருவது.

ஒரு கிரைண்டர், பல பூட்டுகள்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு பொருளை மேசைமேல் வைத்துப் பார்ப்பது நல்லது. கோவையில் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். உளுந்து அரைபட அரைபட மாவு பொங்கிக் கெட்டியாகும். இடையிடையே தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மாவு இறுகினால் மோட்டார் திணறும், அது இழுக்கும் கரண்ட் கூடும். அந்தக் கரண்ட்டை அளந்து, தேவையானபோது தேவையான அளவு தண்ணீரைத் தானே விடும் கிரைண்டர் ஒன்றை அந்தப் பட்டறையின் பொறியாளர் செய்துவிட்டார். இனி அவர் எதை எந்தப் பூட்டால் பூட்டுவது?

கரண்ட்டை அளந்து தண்ணீரைக் கட்டுப்படுத்தும் அமைப்பு காப்புரிமைக்கு உரியது. உலகில் எங்கும் இதற்கு முன் வெளிப்படாததாக, அந்தத் துறைக்காரருக்குச் சட்டென்று தோன்றாததாக, தொழிலில் பயன்படக்கூடியதாக அது இருக்க வேண்டும். கிரைண்டரின் வெளித்தோற்றம், அதாவது கண்ணைக் கவரும் உருவமும் வளைவும், 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் வரும். 10 ஆண்டு, புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு. வேலைக்காகவே அமைந்த உருவத்துக்கு அந்தச் சட்டம் பாதுகாப்புத் தராது. உள்ளே ஓடும் மென்பொருள், எழுதிய கணமே பதிப்புரிமைக்குள் வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிப்புரிமை காப்பது எழுதிய வரிகளை மட்டுமே. அதே யோசனையை வேறு வரிகளில் எழுதுபவரை அது தடுக்காது.

கிரைண்டரின் பெயர் வணிகச் சின்னம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் காலாகாலத்துக்கும் நிற்கும். பட்டறைக்கே சொந்தமான பூட்டுகளில் பதிவால் சாகாவரம் பெறக்கூடியது இது ஒன்றுதான். “நைஸ் மாவு கிரைண்டர்” என்பதுபோல் பொருளை வருணிக்கும் பெயர் வைத்தால் பதிவு கிடைப்பது கடினம். பொருளோடு தொடர்பே இல்லாத பெயர்தான் சட்டத்தின் கண்ணில் பலமான பெயர்.

புழுங்கல் அரிசிக்கு எந்த நிமிடத்தில் எத்தனை மில்லி, பழைய உளுந்துக்கு எவ்வளவு, புது உளுந்துக்கு எவ்வளவு என்று நூற்றுக்கணக்கான முறை அரைத்துப் பார்த்துத் தொகுத்த அட்டவணை வணிக ரகசியம். இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தாலும் தெரியாதபடி அதை வைத்துக்கொள்ள முடியுமானால், காப்புரிமை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுப்பதைவிட ரகசியமாக வைத்திருப்பதே மேல். பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் எதற்கும் ரகசியம் உதவாது. இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச்சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தையும் நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த நம்பிக்கைக் கோட்பாட்டையும் நம்பித்தான் அது நிற்கிறது.

கடைசியாகப் புவிசார் குறியீடு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது தனி ஒருவரின் சொத்தாகாது. அந்த ஊர்த் தயாரிப்பாளர் அனைவருக்கும் பொது. அதைப் பதியும் நாட்டின் ஒரே பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

ஆக ஒரே பொருளில் தொழில்நுட்பம், உருவம், எழுத்து, பெயர், ரகசியம், ஊர் ஆகிய ஆறும் தனித்தனிச் சொத்து. இவற்றில் எது இல்லாவிட்டால் போட்டியாளர் அடுத்த மாதமே நம் இடத்துக்கு வந்துவிடுவாரோ, அதற்குத்தான் முதலில் பணம் செலவிட வேண்டும். பல சிறுதொழில்களில் அது காப்புரிமையாக இருக்காது, பெயராகவே இருக்கும்.

எதற்குக் கிடைக்காது?

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் தனித்தன்மை 3ஆம் பிரிவில் இருக்கிறது. கண்டுபிடிப்பு என்று கொள்ளப்படாதவற்றின் பட்டியல் அது. தெரிந்த கருவிகளை வெறுமனே சேர்த்து அடுக்கியது, விவசாய முறை, பாரம்பரிய அறிவு, வணிக முறை, கணக்கு முறை, அல்காரிதம், ‘மென்பொருள் என்ற அளவில் மட்டும்’ உள்ள கணினி நிரல் ஆகியவை அதில் அடங்கும்.

கணினிப் பொறியாளர்களை அதிகம் குழப்புவது 3(கே) பிரிவுதான். செயலிக்குக் காப்புரிமை கிடைக்காது என்று ஒரு சாரார், எல்லாவற்றுக்கும் கிடைக்கும் என்று காப்புரிமை ஏஜென்ட்டுகளில் ஒரு சாரார். உண்மை நடுவில் இருக்கிறது. நிரல் ஓடுவதால் கருவியிலோ அமைப்பிலோ ஒரு தொழில்நுட்ப விளைவு ஏற்படுமானால் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று ஃபெரிட் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. நம் கிரைண்டரில் நிரல் ஒரு வால்வைத் திறக்கிறது, மாவின் பதம் மாறுகிறது. அதற்கு வழி உண்டு. மாவு ஆர்டர் எடுத்து வீடுவீடாகப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் மட்டும்தான் என்றால் அது வணிக முறை, வழி இல்லை.

3(டி) பிரிவு உலகப் புகழ் பெற்றது, அந்தக் கதை தொடங்கியதும் சென்னையில்தான். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட் என்ற மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய்க்கு விற்ற அந்த மருந்தை இந்திய நிறுவனங்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துவந்தன. நோயாளிகள் சங்கமும் இந்திய நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சட்டப்பிரிவே செல்லாது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. தெரிந்த மருந்தின் புது வடிவம் நோயைத் தீர்க்கும் திறனில் கூடுதலாக எதையும் காட்டவில்லை என்றால் அதற்குப் புதிய 20 ஆண்டு கிடையாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு முன்கதை உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் 1911ஆம் ஆண்டின் காலனிச் சட்டமே நீடித்தது. அதை ஆராய்ந்த நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் அறிக்கை கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் அவர். காப்புரிமைகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவற்றை வைத்து இந்தியாவில் ஒரு பொருள்கூடத் தயாராகவில்லை என்பதையும் அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் அடிப்படையில் பிறந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துக்கும் உணவுக்கும் பொருள் மீதான காப்புரிமையை மறுத்து, செய்முறைக்கு மட்டும் கொடுத்தது. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது அந்த இடைவெளியில்தான். உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கையால் 2005 ஜனவரி 1 முதல் அந்தக் கதவு மூடியது. மூடும்போது வைத்த தாழ்ப்பாள்தான் 3(டி).

பாரம்பரிய அறிவின் கதையும் அப்படியே. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்ற, நம் வீட்டுப் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த செய்திக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை ஆதாரமாக வைத்து எதிர்த்தது. 1997இல் அது ரத்தானது. எழுத்தில் இருந்ததால் வென்றோம். அந்தப் பாடத்திலிருந்துதான் சித்தம், ஆயுர்வேதம், யுனானி குறிப்புகளைத் தொகுக்கும் டிஜிட்டல் நூலகம் 2001இல் தொடங்கியது.

வாய் திறப்பதற்கு முன்

இளம் பொறியாளர்கள் காப்புரிமையை இழக்கும் முதல் இடம் மேடை. ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் காட்டுகிறார்கள், யூடியூபில் வீடியோ போடுகிறார்கள், நாளிதழில் படத்தோடு செய்தி வருகிறது. பாராட்டு ஓய்ந்த பிறகு விண்ணப்பிக்கப் போனால், அந்த வீடியோவையே எடுத்துக் காட்டி “இது ஏற்கெனவே வெளியானதுதானே?” என்று பரிசோதகர் கேட்பார். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது போன்ற வேலை இது.

சட்டத்தில் 12 மாதச் சலுகை உண்டு என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகள், அறிஞர் சங்கங்களின் முன் படிக்கப்பட்ட கட்டுரைகள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும். சமூக ஊடகப் பதிவு அதில் வராது. பல வெளிநாடுகளில் அந்தச் சலுகையும் கிடையாது.

இதற்கு எளிய மருந்து தற்காலிக விண்ணப்பம். கண்டுபிடிப்பின் சாரத்தை எழுதிக் கொடுத்தால் அன்றைய தேதி உங்களுடையது. முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாத அவகாசம் உண்டு. அதற்குள் மாதிரியைச் செம்மைப்படுத்தலாம், முதலீட்டாளரைப் பார்க்கலாம், சந்தை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் தற்காலிகம் என்பதற்காக நாலு வரியில் முடித்துவிடக் கூடாது. அதில் எழுதாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது.

விண்ணப்பிக்கும் முன் தேடிப் பார்ப்பதும் பொறியாளரே செய்யக்கூடிய வேலை. காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம், ஐரோப்பாவின் எஸ்பேஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். அங்கே தேடுவதில் இரட்டை லாபம் இருக்கிறது. நம் யோசனை புதியதா என்று தெரியும். காலாவதியானவையும் இந்தியாவில் விண்ணப்பிக்கவே படாதவையுமான ஆயிரமாயிரம் தொழில்நுட்பங்கள் வரைபடத்தோடு அங்கே கிடக்கின்றன. அமெரிக்காவில் மட்டும் பதிந்த காப்புரிமை இந்தியாவில் யாரையும் கட்டுப்படுத்தாது. இங்கே செய்து இங்கே விற்பவருக்கு அது ஒரு பாடநூல். நம் பட்டறைகள் அதிகம் திறந்து பார்க்காத பாடநூலும் அதுதான்.

வேலி எங்கே இருக்கிறது?

காப்புரிமை ஆவணம் எத்தனை பக்கம் இருந்தாலும் உயிர் இருப்பது கடைசிப் பக்கங்களில் உள்ள உரிமைகோரல்களில்தான். நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல அந்த வாக்கியங்கள்தான் எல்லைக்கல். அதற்கு வெளியே இருப்பது எதுவும் உங்களுடையதாகாது.

நம் கிரைண்டருக்குத் திரும்புவோம். பொறியாளர் தான் செய்ததை அப்படியே எழுதுகிறார்: “24 வோல்ட் சோலனாய்டு வால்வு, உரலுக்கு மேலே பொருத்திய அரை லிட்டர் தொட்டி, மோட்டார் கம்பியில் மாட்டிய கரண்ட் சென்சார் ஆகியவை கொண்ட கிரைண்டர்.” நேர்மையான வருணனைதான். ஆனால் பக்கத்துத் தெருக்காரர் வால்வுக்குப் பதில் சிறு பம்ப் வைத்து, தொட்டியைக் கீழே மாற்றினால் வேலிக்கு வெளியே போய்விடுவார். “அரைபடும் பொருளின் எதிர்ப்பைக் குறிக்கும் ஓர் அளவை உணரும் அமைப்பும், அந்த அளவு குறித்த எல்லையைத் தாண்டும்போது நீர்மத்தைச் செலுத்தும் அமைப்பும்” என்று எழுதினால் அவரும் வேலிக்குள் வந்துவிடுவார். அதற்காக அகலத்தை இழுத்துக்கொண்டே போனால், சிமென்ட் கலவை இயந்திரத்தில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருக்கிறது என்று எவராவது எடுத்து நீட்டுவார். வேலி மொத்தமும் சாயும். ஆகவே அகலமான ஒன்று, அதற்குள் குறுகலான பல என்று அடுக்கடுக்காக எழுதுவதே வழக்கம். வெளிவேலி விழுந்தாலும் உள்வேலி நிற்கும்.

இந்தக் கலையைப் பயின்றவர்தான் காப்புரிமை ஏஜென்ட். அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்றவர் அதற்கான தேர்வு எழுதித் தேறினால் ஏஜென்ட் ஆகலாம். சட்டப் பட்டம் தேவையில்லை. வேலை தேடும் பொறியாளர்கள் பலருக்குத் தெரியாத ஒரு தொழில் இது.

ஒரு மோட்டார் சைக்கிளும் 12 ஆண்டுகளும்

வேலி எப்படிச் சோதிக்கப்படும் என்பதற்கு இந்தியப் பொறியாளர்கள் படிக்க வேண்டிய வழக்கு பஜாஜ்-டிவிஎஸ். ஒரு சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்த சிறிய நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பஜாஜ் 2002இல் விண்ணப்பித்து 2005இல் காப்புரிமை பெற்றது, எண் 195904. பல்சர் வண்டிகளின் டிடிஎஸ்-ஐ அதுதான். 2007 இறுதியில் டிவிஎஸ் ‘ஃப்ளேம்’ என்ற 125 சிசி வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக். பஜாஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

தங்களுடையது மூன்று வால்வு எஞ்சின், ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத் தொழில்நுட்பம் என்றது டிவிஎஸ். இரட்டை பிளக் புதிதே அல்ல, ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையிலேயே இருக்கிறது என்றும் வாதாடியது. வால்வின் எண்ணிக்கை முக்கியமில்லை, சிறிய சிலிண்டரில் இரட்டை பிளக் என்பதே சாரம் என்றது பஜாஜ். மீண்டும் அதே கேள்விதான்: வாக்கியத்தில் எந்தச் சொல் எல்லைக்கல், எந்தச் சொல் வெறும் வருணனை?

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒற்றை பிளக்கோடு ஃப்ளேமை இறக்கியது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாம் என்று டிவிஎஸ்ஸை அனுமதித்தது. இத்தகைய வழக்குகள் இடைக்கால உத்தரவிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்பதைக் கண்டித்து, நாள்தோறும் விசாரித்து விரைவாக முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனாலும் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டது 2019இல்தான். அதற்குள் ஃப்ளேம் சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது.

காப்புரிமை மீறல் சிவில் வழக்கு. போலீஸ் வராது; உரிமையாளரே நீதிமன்றம் போக வேண்டும். வழக்குப் போட்டவுடன் எதிராளி “உங்கள் காப்புரிமையே செல்லாது” என்று எதிர்மனுப் போடுவார். பெரிய நிறுவனங்களுக்கே 12 ஆண்டு பிடித்த களம் இது. அண்மையில் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2021இலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023இலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உருவாயின. தொகைகளும் பெரிதாகின்றன. கைபேசித் தொழில்நுட்பக் காப்புரிமைகளுக்காக எரிக்சனுக்கு லாவா நிறுவனம் சுமார் 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

செலவுக் கணக்கு

அரசுக் கட்டணம் பயப்படும்படி இல்லை. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுநிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பம் 1,600 ரூபாய், பரிசோதனை 4,000. மற்றவர்களுக்கு 8,000, 20,000. பக்கமும் உரிமைகோரலும் கூடினால் தனி. ஸ்டார்ட்அப்புகளும் பெண் விண்ணப்பதாரர்களும் துரிதப் பரிசோதனை கேட்கலாம். மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. சிறுநிறுவனத்துக்கு ஆண்டுக்கு 800இல் தொடங்கி 8,000 வரை ஏறும். 20 ஆண்டுக்கும் கூட்டினால் 76,800 ரூபாய். ஒரு நல்ல ஏஜென்ட்டின் ஊதியம் இதற்கு மேல்.

பணம் கரைவது வெளிநாட்டில். ‘உலகப் பேட்டன்ட்’ என்று ஒன்று கிடையாது. எந்த நாட்டில் வேண்டுமோ அந்த நாட்டில் தனியாக வாங்க வேண்டும். இந்தியத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி என்ற சர்வதேச விண்ணப்பம் போட்டால், எந்தெந்த நாடு என்று முடிவு செய்ய 30 அல்லது 31 மாதம் வரை அவகாசம் கிடைக்கும். அது வாங்கித் தருவது நேரம் மட்டுமே. இந்தியாவில் வசிப்பவர் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் கழியாமலும் அனுமதி பெறாமலும் நேராக வெளிநாட்டில் விண்ணப்பிப்பது காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி குற்றம். அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் சென்னை, கோவைப் பொறியாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

யாருடையது?

விண்ணப்பத்தைவிட அதிகச் சண்டை பிறக்கும் இடம் இது. ஊழியர் எழுதும் மென்பொருளின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளியுடையது என்று பதிப்புரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. உண்மையான முதல் கண்டுபிடிப்பாளருக்கே உரிமை. அவர் எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தால்தான் நிறுவனத்துக்கு. ஆகவே வேலைக்குச் சேரும்போது கையெழுத்திடும் காகிதத்தைப் படிக்க வேண்டும். விடுமுறையில், சொந்தக் கருவியில், வேறு துறையில் செய்வதும் நிறுவனத்துக்கே சேரும் என்று அதில் இருந்தால் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

கூட்டாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. இரண்டு பேர் பெயரில் காப்புரிமை இருந்தால், இருவரும் தனித்தனியே அதைப் பயன்படுத்தி விற்கலாம். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் மூன்றாமவருக்கு உரிமம் கொடுக்க முடியாது. நண்பர்கள் பிரிந்த பிறகு அந்தக் காப்புரிமை யாருக்கும் பயனில்லாமல் பெட்டியில் தூங்கும். கல்லூரி ஆய்வகத்தில் உருவானது என்றால் கல்லூரியின் கொள்கை என்ன சொல்கிறது என்பதையும் மாணவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலியே பயிரை மேய்ந்தால்

காப்புரிமை கண்டுபிடிப்பை வளர்க்கிறதா, முடக்குகிறதா என்ற விவாதம் பழையது. பல கோடி செலவழித்து ஆண்டுக்கணக்கில் சோதித்து, வெளியானதும் எளிதாக நகலெடுக்கக்கூடிய மருந்துத் துறையில் அது இல்லாமல் முதலீடு வருவது கடினம். அதே மருந்துத் துறையில்தான் அது உயிரோடும் விளையாடுகிறது. பேயரின் நெக்சாவர் மருந்து மாதத்துக்கு 2,80,428 ரூபாய் என்றிருந்தபோது, 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்து 8,880 ரூபாய்க்கு விற்க வைத்தது இந்தியக் காப்புரிமை அலுவலகம். இந்தியாவில் இதுவரை கொடுக்கப்பட்ட ஒரே கட்டாய உரிமம் அது. மென்பொருளிலோ நிலைமை வேறு. உலகின் சர்வர்களில் பெரும்பாலானவற்றை இயக்கும் லினக்ஸ் திறந்த உரிமத்தில் வளர்ந்தது. 1959இல் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கண்டுபிடித்த வோல்வோ, காப்புரிமை வாங்கியும் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது. திறந்துவிடுவதும் உரிமையாளரால் எடுக்கக்கூடிய ஒரு வணிக முடிவுதான்.

ஆகவே ஒட்டுமொத்தமாக நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல இடமில்லை. துறைக்குத் துறை, பொருளுக்குப் பொருள் கணக்கு மாறும். சந்தையில் இரண்டு வருடம்கூட நிற்காத பொருளுக்கு, வழங்கப்படவே சில ஆண்டுகள் ஆகும் காப்புரிமை வீண்செலவு. பத்து வருடம் ஓடும் எஞ்சினுக்கோ வேதிச் செய்முறைக்கோ அது மூலதனம். விற்கவோ உரிமம் கொடுக்கவோ உத்தேசம் இருந்தால் அது இன்றியமையாதது. வழக்கு நடத்த வசதியில்லாத சிறு பட்டறைக்கும் அது முழுக்க வீண் அல்ல. பெரிய நிறுவனத்தோடு பேச உட்காரும்போது கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுவாகவே இருக்கலாம்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொருந்தும். அடுத்த மேடையில் ஏறுமுன் ஒரு தாளை எடுத்து நான்கு பதில் எழுதுங்கள். இதில் புதியது எது? ஒரே வாக்கியத்தில் அதைச் சொல்ல முடிகிறதா? அந்த வாக்கியத்தால் யாரைத் தடுக்கப் போகிறேன்? அவர் மீறினால் எனக்குத் தெரியவருமா? நான்குக்கும் பதில் இருந்தால் 1,600 ரூபாயோடு இன்றே விண்ணப்பியுங்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, 4,500 ரூபாயில் உங்கள் பொருளின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.